கீழத்தெருத் தண்ணீர்

ஆடி முடிந்த வாரத்தில் ஒரு காலை, கீழத்தெருத் தொட்டியில் வெள்ளி படிந்திருந்தது.

பாண்டிராஜ் கையிலிருந்த சகதி வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தான். இரவெல்லாம் அசையாமல் கிடந்த தண்ணீர். அதன் மேல் சாம்பலும் வெள்ளியும் கலந்த மெல்லிய படலம் விரிந்து கிடந்தது. விரலால் தொட்டான். நுனியில் ஒட்டிக்கொண்டது. கைலியில் துடைத்தான். போகவில்லை. போகாது என்று அவனுக்குத் தெரியும். அது அலுமினியப் பவுடர். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் பல வருஷம் இருந்தவன் அவன்.

ஊரின் குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் மூடிய வாய்க்கால் வழியாக இங்கே வந்து விழும். கம்பிச் சல்லடையில் குப்பை நிற்கும். தொட்டியில் சகதி படியும். பிறகு ஜல்லியும் மணலும் நிரப்பிய நீளமான படுக்கை, அதன் மேல் வரிசையாகக் கல்வாழை. வேர்களைத் தாண்டி மறுமுனையில் இருக்கும் குட்டையில் விழும்போது தண்ணீரில் நாற்றம் இருக்காது. பஞ்சாயத்தில் இதற்கு நீளமான பெயர் உண்டு; நீலப் போர்டில் எழுதி வைத்திருந்தார்கள். ஊரில் செடித்தொட்டி என்றார்கள். கட்டும்போது, இரண்டு தெருத் தண்ணீரும் ஒரே தொட்டியில் விழக்கூடாது என்று மேலத்தெருவில் சொன்னார்கள். அதனால் தெருவுக்கு ஒரு தொட்டி. அதற்கப்பால் ஜல்லிக்குள் இரண்டும் கலந்துகொள்வதை யாரும் வந்து பார்க்கவில்லை.

அப்படித் தனித்தனியாக இருந்தது பாண்டிராஜுக்கு வசதியாகிவிட்டது. அவன் மனைவி வேல்விழி இப்போது கீழத்தெருவில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். அங்கிருந்து கம்பெனிக்குப் பட்டாசுக் காகிதக் குழாய் உருட்டப் போய்வந்தாள்.

சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. போன வருஷம் சித்திரையில் கம்பெனியில் வெடித்தபோது, அவனோடு ஒரே அறையில் வேலை பார்த்த மணிமுத்து போய்விட்டான். பாண்டிராஜ் அப்போது வெளியே லோடு இறக்கும் இடத்தில் நின்றிருந்தான். அன்று மாலை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன், அதற்குப் பிறகு பேசவில்லை. சோறு வேண்டும், வேண்டாம், கதவைச் சாத்து, அவ்வளவுதான். வேல்விழி முதலில் கேட்டாள். பிறகு அழுதாள். பிறகு அவளே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். அவன் கம்பெனிக்குத் திரும்பவில்லை. பஞ்சாயத்தில் செடித்தொட்டிக்கு ஆள் கேட்டபோது போய் நின்றான். சாக்கடை வேலை என்று யாரோ சொன்னதற்கு அவள், “சாக்கடை ஆளத் திங்காது” என்று பதில் சொன்னாள். அதில் அவளுக்குக் குறையில்லை.

குறை வேறு. பிள்ளைகள் இல்லாத வீட்டில் பேசவும் ஆள் இல்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் துணிகளை ஒயர்கூடையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“சொவரோட எம்புட்டு நாளுதான் பேசுறது. நீங்க பேசுத அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க. வாரேன்.”

அவன் ஒயர்கூடையின் கைப்பிடி பிரிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கட்டிக் கொடுத்திருக்கலாம் என்று பல நாள் கழித்துத் தோன்றியது.

அவன் தொகுப்பு வீட்டில் தனியாக இருந்தான். கீழத்தெருவுக்குப் போவதில்லை. ஆனால் கீழத்தெரு தினமும் அவனிடம் வந்தது. காலையில் சோப்பு நுரை. பொங்கலுக்கு முந்தின நாள் வெள்ளையடித்த சுண்ணாம்பு. வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள். எல்லா வீட்டுப் பெண்களும் மஞ்சள் தேய்த்துக் குளிக்கிற நாளில் தண்ணீர் வெளிர் மஞ்சளாக வாய்க்காலிலிருந்து இறங்கும். அதில் வேல்விழியின் மஞ்சள் எது என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாததால் எல்லாமே அவளுடையதாக இருந்தது. வெள்ளிக்கிழமை அவன் மற்ற வேலைகளைத் தள்ளிப்போட்டுவிட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருப்பான்.

இப்போது அந்தத் தண்ணீரில் பவுடர் வந்திருக்கிறது.

மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடும் ஊர்க்காவலன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். அவர்கள் இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள்.

“என்னலே பாண்டி, தொட்டிக்குள்ள மூஞ்சி பாக்கியா? நான் கஷ்டப்பட்டு மேல ஏத்தி விடுதேன். நீ கீழ இறக்கி வாங்குத. நடுவுல ஊரு மினுக்கிக்கிடுது.”

பாண்டிராஜ் விரலை நீட்டிக் காட்டினான்.

ஊர்க்காவலன் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். “கீழத்தெருவுல மருந்து வேலைக்கு யாருலே போறா? ஆம்பளையெல்லாம் அச்சாபீசுக்கும் தீப்பெட்டிக்கும்ல போறானுக. பொம்பளைக குழாய் உருட்டத்தான் போறாளுக.”

பாண்டிராஜ் விரலை மறுபடியும் கைலியில் துடைத்தான்.

“சரி, தீவாளி சீசன்ல. எவனையாச்சும் கூப்பிட்டு உக்கார வச்சிருப்பானுக,” என்று சொல்லிவிட்டு ஊர்க்காவலன் சைக்கிளில் ஏறினான்.

அந்த வாரம் முழுவதும் காலையில் வெள்ளி இருந்தது. கல்வாழையின் இலை ஓரங்கள் பழுத்து, பிறகு கருகின. முதல் வரிசையில் ஒரு செடி தலை சாய்த்தது. அவன் அதைப் பிடுங்கி வேரைப் பார்த்தான். பிறகு, ஒரு மாலை, கம்பெனி வேன்கள் வந்து போன நேரத்தில், கடப்பாரையை எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்கு நடந்தான்.

வாய்க்காலில் சில வீடுகளுக்கு ஒன்று வீதம் தூக்கக்கூடிய பலகைக்கல் உண்டு. அடைப்பு எடுக்க வசதியாக வைத்தது. முதல் கல்லைத் தூக்கினான். கீழே ஓடியது வெள்ளி. அடுத்ததிலும் வெள்ளி. தெருவின் வளைவைத் தாண்டிய பிறகு தூக்கிய கல்லில் வெறும் சோப்புத் தண்ணீர். அவன் அந்தக் கல்லை மெதுவாக மூடினான். இரண்டு கல்லுக்கும் இடையில் இருந்த வீடுகளை அவன் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. வேப்பமரத்துக்குக் கீழே, குளிக்கும் மறைப்புக்கு நீலத் தார்ப்பாய் கட்டிய வீட்டிலிருந்து வந்த குழாய், வாய்க்காலுக்குள் வெள்ளியைச் சொட்டிக்கொண்டிருந்தது.

அவனுடைய மாமியார் சண்முகத்தாய் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“வாங்க மருமகனே. வீட்டுக்கு வாசல் இருக்குறது தெரியலயாக்கும். வாய்க்கா வழியா வாரீக.”

“தண்ணி பாக்க வந்தேன் அத்த.”

“தண்ணியப் பாப்பீக. அதுல ஒண்ணும் கொறச்சலில்ல.” கீரைக் காம்பை ஒடித்து எறிந்தாள். “காப்பி குடிக்கீகளா?”

“வேணாம்.”

“வேணாம்னாச்சும் சொன்னீகளே.”

தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வேல்விழி வெளியே வந்தாள். இன்னும் குளித்து முடிக்கவில்லை. முகத்தை மட்டும் கழுவியிருந்தாள். கழுத்திலிருந்து கீழே, கைகள், முழங்கை, பாதம் எல்லாம் சாம்பல் வெள்ளி. சேலையை முட்டிக்கு மேல் செருகியிருந்தாள். கையில் செம்பு.

பாண்டிராஜுக்கு ஒரு கணம் பழைய மாலை ஒன்று திரும்பி வந்தது. வேன் இறங்கி அவன் வருவான். அவள் வெந்நீர் வைத்து முற்றத்தில் கல்லைப் போட்டிருப்பாள். “வெள்ளிச் செலை வந்துருச்சு, சூடத்தக் கொளுத்துங்க” என்பாள். தேங்காய் நாரால் முதுகைத் தேய்ப்பாள். காதுக்குப் பின்னால், பிடரியில், அவன் கைக்கு எட்டாத இடங்களில் அவள் விரல் அழுத்தித் தேய்க்கும். காலடியில் வெள்ளி ஆறாக ஓடி முற்றத்து மண்ணில் இறங்கும். அந்த மண்ணில் ஒரு புல்கூட முளைத்ததில்லை. அவர்கள் அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

இப்போது அவள் உடம்பில் அது இருந்தது. தேய்த்துவிட ஆள் இல்லை.

அவள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சண்முகத்தாய் கீரைச் சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் அவள் நின்றுவிட்டது தெரிந்தது.

“இந்தத் தெருத் தண்ணியில பவுடர் வருது,” என்றான் பாண்டிராஜ்.

வேல்விழி தன் கைகளைப் பார்த்தாள். “ம்.”

அவன் தொண்டையில் வேறொன்று நின்றது. மருந்து அறையின் சுவர் எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்பது நின்றது. மணிமுத்துவின் செருப்பு ஒன்று வேலி முள்ளில் மாட்டிக்கொண்டு தொங்கியது நின்றது. நீ அங்கே போகாதே என்பது நின்றது. சின்ன வாக்கியம். அதற்கு முன்னால் இருந்த பெரியது வழிவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தது.

“செடி கருகுது,” என்றான்.

“செடியா?”

“கல்வாழ. எல ஓரமெல்லாம்.”

தெருவில் ஒரு ஆடு கத்தியது. செம்பிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டியது. சொட்டிய இடம் மட்டும் தோலின் நிறத்துக்கு வந்தது.

“அதச் சொல்லத்தான் வந்தீகளா?”

அவள் கேட்டுவிட்டு நிறுத்தினாள். அவன் நிதானமாக எதையாவது தேடி எடுப்பதற்கு இடம் விட்டாள். நெடுநேரம் விட்டாள்.

“ஆமா,” என்றான்.

“சரி. இனிமே வராது.”

தார்ப்பாய்க்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை தொட்டியில் பழைய வெள்ளிதான் இருந்தது. அதற்கு மறுநாள் குறைந்தது. பிறகு சுத்தமாக இல்லை. பாண்டிராஜ் வாரியை வைத்துவிட்டுத் தொட்டியைச் சுற்றி நடந்தான். குனிந்து, சாய்ந்து, வெயிலுக்கு எதிராக நின்று பார்த்தான். சோப்பு நுரையும் சோற்றுப் பருக்கையும் தவிர ஒன்றுமில்லை.

அவள் விட்டுவிட்டாள். அவன் சொன்னதைக் கேட்டு மருந்து வேலையை விட்டுவிட்டாள். சொன்னது செடியைத்தான். ஆனால் வேல்விழி சொல்லாததையும் கேட்கிறவள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தாள். அவன் தட்டைத் தள்ளுவதற்கு முன்னால் உப்பை நகர்த்துவாள்.

அன்று மதியம் தன் வீட்டு முற்றத்தில் குளிக்கும் கல்லைத் தேய்த்துக் கழுவினான். பாசி உரியும்வரை தேய்த்தான். தண்ணீர்த்தொட்டியைக் காலி செய்து புதிதாக நிரப்பினான். ஏழாயிரம்பண்ணைக்குப் போய்க் கிழங்கு மஞ்சள் வாங்கிவந்து சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். தனியாக இருக்கும் ஆம்பளைக்கு எதற்கு மஞ்சள் என்று கடைக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்று அவனுக்குத் தோன்றியது. வாசலில் யாராவது நடந்தால் எட்டிப் பார்த்தான்.

“மூஞ்சில கரண்டு வந்திருக்கு?” என்றான் ஊர்க்காவலன்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னு வாயத் தொறந்து சொல்லுத பாரு, அதத்தாம்லே சொல்லுதேன்.”

வெள்ளிக்கிழமை மஞ்சள் வந்தது. வெளிறியிருந்தது. அவளுடையது குறைகிறதோ என்று நினைத்தான். பிறகு அந்த நினைப்பைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டான்.

ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தது. கருகிய இலைகளை அறுத்த இடத்தில் புதிய குருத்து சுருண்டு வந்து விரிந்தது. சாய்ந்த செடிக்குப் பதிலாகப் பக்கத்துக் கட்டையிலிருந்து ஒரு கிழங்கைப் பிரித்து நட்டான். மேற்கே வானம் கறுத்து, பெய்யாமல் விலகிப் போனது. அவள் வரவில்லை. சொல்லி அனுப்பினால்தானே வருவேன் என்றாள். யாரிடம், என்னவென்று சொல்லி அனுப்புவது. நான் பேசிவிட்டேன் என்றா. ஒரு செடியின் பெயரைச் சொன்னது பேச்சாகுமா.

ஒரு நாள் வெயில் சாயும் வேளையில் சண்முகத்தாய் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு அந்த வழியாக வந்தாள். செடித்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, கல்வாழைப் பூக்களை நன்றாகப் பார்த்தாள். சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்திருந்தன.

“நல்லாத்தான் இருக்கு மருமகனே. தளதளன்னு.”

“ஆமா அத்த.”

“இருக்காதா பின்ன. இதுக்காவத்தான எம் மக அங்கன கம்பெனிக் குழாயில குளிச்சுத் தொவைச்சு ஈரத்தலையோட கடைசி வேன்ல வந்து எறங்குதா. சளி புடிச்சுக் கெடக்கு அவளுக்கு.”

பாண்டிராஜ் நிமிர்ந்தான். “அந்த வேலய விட்டுட்டால்ல?”

“யாரு சொன்னா?”

அவன் தொட்டியைக் காட்டினான். “பவுடர் வரலயே.”

சண்முகத்தாய் குழைக்கட்டைத் தரையில் போட்டாள்.

“பவுடர் வரலன்னா ஆளு போவலன்னு அர்த்தமாக்கும். பூச்சட்டிக்கு மருந்து அடைக்கா. தீவாளி ஆர்டர் முடியுமட்டும் விட மாட்டேங்கா. நான் கத்திப் பாத்துட்டேன். நீங்க வந்து செடி கருகுதுன்னீக. செடி கருகக் கூடாதுன்னு அவ அங்கனயே குளிச்சிட்டு வாரா. நீங்க என்ன கேட்டீகளோ அதக் குடுத்துட்டா. வேற என்ன கேட்டீக?”

அவன் காட்டிய கையை இறக்கினான். அவள் குழையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். போகும்போது திரும்பாமலே சொன்னாள்.

“கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு நான் வேண்டிக்கிட்டேன், இந்த மனுசன் வாயத் தொறந்துறணும்னு. கல்வாழன்னீக.”

அவள் போன பிறகு பாண்டிராஜ் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் சகதியின் வரிகள் தெரிந்தன. இத்தனை நாளும் அது அவனுக்கு நல்ல சேதி சொல்லிக்கொண்டிருந்தது என்று நினைத்தான். அது ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளி வந்த நாட்களில் அவளைப் பற்றி ஒன்றாவது தெரிந்தது: இன்று போனாள், இன்று திரும்பிவந்து குளித்தாள். உயிரோடு திரும்பிவந்து குளித்தாள். அதைத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். கல்வாழைகள் காற்றில் அசைந்தன. அவற்றின் மேல் அவனுக்குக் கோபம் வந்தது. பிடுங்கி எறிய எழுந்து, ஒன்றின் தண்டைப் பிடித்து, விட்டுவிட்டான். செடி என்ன செய்யும்.

கையைக் கழுவிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தான்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து வரும் வேன்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில், சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் ஆட்களை இறக்கும். சிவகாசி பஸ் ஒன்று நிற்காமல் போனது. பாலத்துக் கட்டையில் ஊர்க்காவலன் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். பாண்டிராஜைப் பார்த்ததும் போனை இறக்கினான்.

“ஏலே, நீயா? இங்கன எதுக்கு?”

“வேல்விழி வருவா.”

ஊர்க்காவலன் வாயைத் திறந்தான். ஏதோ கேலி அங்கே தயாராக இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு, “சரிடா மாப்ள,” என்று எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

முதல் வேன் வந்தது. குழாய் உருட்டும் பெண்கள் இறங்கினார்கள். விரல்களில் பசை காய்ந்திருந்தது. அவனைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்தார்கள். கொஞ்சம் தள்ளிப் போனதும் ஒருத்தி, “செடித்தொட்டி ரோட்டுக்கு வந்துருச்சுடி” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் நின்றுகொண்டிருந்தான்.

கடைசி வேன் வர நேரமானது. சூரியன் கரிசல் காட்டில் இறங்கி, வேலிக்கருவைகளின் நிழல் ரோட்டைத் தாண்டி நீண்டது. நேரம் ஆக ஆக அவன் கம்பெனி இருக்கும் மேற்குத் திசையில் வானத்தைப் பார்த்தான். புகை எதுவும் இல்லை. இல்லை என்று பார்த்த பிறகும் பார்த்தான். அந்தப் பக்கமிருந்து சத்தம் எதுவும் கேட்கவில்லை என்பதைக் காது கொடுத்துக் கேட்டான். ஊரில் எல்லாப் பெண்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் காத்திருந்தார்கள் என்பது அப்போது தெரிந்தது. வேல்விழி அத்தனை வருஷமும் வெந்நீரை வைத்துக்கொண்டு இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெள்ளிச் சிலை என்று அவள் சிரித்தது, ஆள் உயிரோடு திரும்பிவிட்டான் என்ற சிரிப்பு.

வேன் வந்தது. வேல்விழி கடைசியாக இறங்கினாள். தலை ஈரமாக இருந்தது. துண்டை முடியோடு சேர்த்துச் சுற்றியிருந்தாள். கையில் தூக்குவாளி. அவனைப் பார்த்து நின்றாள். மற்றவர்கள் முன்னால் போனார்கள். வேன் திரும்பிப் போனது.

“செடி எப்படி இருக்கு?” என்றாள்.

“நல்லாருக்கு.”

“பெறகென்ன.”

அவள் நடந்தாள். அவன் கூடவே நடந்தான். ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது அவள் கழுத்து தெரிந்தது. நன்றாகத் தேய்த்துக் குளித்திருந்தாள். ஆனால் இடது காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளி மிச்சமிருந்தது. தன் கையால் எட்டினாலும் தெரியாத இடம்.

“காதுக்குப் பின்னால இருக்கு,” என்றான்.

அவள் கை தானாக அங்கே போனது. தேய்த்தாள். போகவில்லை.

“நான் செடியப் பத்திச் சொல்ல வரல, அன்னைக்கு.”

அவள் நடையை நிறுத்தவில்லை. ஆனால் மெதுவாக்கினாள்.

“அந்த வேலைக்கு எதுக்குப் போன?” என்றான். “உருட்டுற ரூம்லயே இருந்திருக்கலாம்ல.”

“அங்கன பசை வாசந்தான வருது.” துண்டை இறுக்கிக்கொண்டாள். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. “மருந்து ரூம்ல உங்க சட்டை வாசம் வருது. நீங்க பேசிட்டிருந்தீகளே, அப்ப போட்டிருந்த சட்டை.”

கீழத்தெரு பிரியும் இடம் வந்தது. இடது பக்கம் போனால் வேப்பமரம், நீலத் தார்ப்பாய். நேராகப் போனால் தொகுப்பு வீடுகள். அவள் அங்கே நின்றாள். இடது பக்கம் திரும்பினாள்.

“மணிமுத்து அன்னைக்கு…” என்றான் பாண்டிராஜ்.

அந்தப் பெயரை அவன் வாயால் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அவள் திரும்பாமல் நின்றாள். அவன் குரல் அவனுக்கே பழக்கமில்லாததாக இருந்தது. நீண்ட நாள் அடைத்துக் கிடந்த வாய்க்காலில் முதலில் வரும் தண்ணீர் மாதிரி விட்டுவிட்டு வந்தது.

“அன்னைக்கு மணிமுத்து தூக்குவாளியத் தொறந்து பாத்தான். கத்தரிக்கா. நேத்தும் கத்தரிக்கா, இன்னைக்கும் கத்தரிக்காயான்னு சலிச்சுக்கிட்டான். மதியம் உன் சோத்த நான் திங்கேன், என் சோத்த நீ தின்னுன்னான். சரின்னேன். நீ கருவாடு வச்சிருந்த. லோடு வந்திருக்குன்னு என்னயக் கூப்பிட்டாங்க. நான் தூக்குவாளிய எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போகும்போது, ஏ கருவாடு பத்திரம்னான்…”

அங்கே நின்றுபோனது. அவன் கைகள் ஏதோ ஒன்றைப் பிடித்திருப்பதுபோல முன்னால் இருந்தன.

வேல்விழி காத்திருந்தாள். கீழத்தெருவில் யாரோ குழாயைத் திறந்தார்கள். குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் தூக்குவாளியை முக்கில் கிடந்த கல்லின் மேல் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஈரத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“பெறகு?” என்றாள்.